பெயரோடு கேட்கும் காது

பி.பி.சி.யின் ஆய்வுத் துறை 1970களில் வடிவமைத்த எல்.எஸ். 3/5ஏ ஓரடி உயரமுள்ள சின்ன ஸ்பீக்கர். ரோஜர்ஸ், ஸ்பெண்டார், ஹார்பெத், கெஃப் என்று பல கம்பெனிகள் உரிமம் பெற்றுச் செய்தன. பழைய 15 ஓம் ஜோடிக்கு இன்றும் ஆயிரம் பவுண்டுக்கு மேல் கொடுக்க இங்கிலாந்தில் ஆள் இருக்கிறது. லண்டனில் எங்கள் வீட்டிலும் ஒரு ஜோடி உண்டு, மைத்துனர் உபயம். வருகிறவர்களெல்லாம் "சொல்கிற அளவுக்கு நல்லதுதானா?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தப் பேச்சு காதில் விழுந்தபிறகு ஸ்பீக்கரை மட்டும் தனியாகக் கேட்க யாரால் முடியும் என்பது என் கேள்வி.

சைவ சித்தாந்த ஆசிரியர் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் காட்சியை, அதாவது நேரடியாக அறிவதை, இரண்டாக்குவார். ஏதோ ஒன்று இருக்கிறது என்ற அளவில் நிற்பது நிருவிகற்பம். பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்ற ஐந்தோடும் அறிவது சவிகற்பம். அந்த ஐந்தில் பெயர் முதலில் வருவது தற்செயலோ என்னவோ, ஹைஃபை விஷயத்தில் அதுதான் நடக்கிறது. ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளாய்டு டூலும் ஷான் ஆலிவும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், 40 பேர் அதே ஸ்பீக்கர்களைத் திரை போட்டும் திரை விலக்கியும் கேட்டார்கள். கண்ணால் பார்த்ததும் மதிப்பெண் மாறிவிட்டது. சின்னதாக, மலிவாகத் தெரிந்தது கீழே இறங்கியது.

அப்படியானால் திரைக்குப் பின்னால் கேட்பதுதான் உண்மையா? எனக்கு அதிலும் முழு உடன்பாடு இல்லை. திரை, எது எனக்குப் பிடித்தது என்று சொல்லும். வரும் குரல் பேசிய மனிதரின் குரல் மாதிரியே இருக்கிறதா என்று சொல்லாது. அதற்கு மூலத்தைக் கேட்டிருக்க வேண்டும். பி.பி.சி. பொறியாளர்களுக்கு அந்த வசதி இருந்தது. கதவைத் திறந்து ஸ்டுடியோவுக்குள் போனால் அறிவிப்பாளர் உட்கார்ந்திருப்பார். அவர் குரலைக் கேட்டுவிட்டு வந்து ஸ்பீக்கரைக் கேட்டார்கள். நமக்கு அது காட்சி அல்ல, உரை அளவை. நம்பத் தகுந்தவர் சொன்னதை ஏற்கிறோம், அவ்வளவுதான்.

ஏற்பதில் தவறில்லை. ஆனால் அவர்கள் எதற்குச் சாட்சி சொன்னார்கள் என்று பார்க்க வேண்டாமா? வெளிநிகழ்ச்சி ஒலிபரப்பு வண்டியின் நெருக்கடியில், பெரிய ஸ்பீக்கர் வைக்க இடமில்லாத இடத்தில், முக்கியமாகப் பேச்சைச் சரிபார்க்கத்தான் இந்த ஸ்பீக்கர் பிறந்தது. அந்த வேலையில் இன்றும் அசத்துகிறது. வானொலிச் செய்தி வாசிப்பவர் மூச்சு இழுப்பதும் உதடு பிரிவதும் அறைக்குள்ளேயே நடக்கிற மாதிரி இருக்கும். ஆர்கனின் 32 ஹெர்ட்ஸ் சுரத்துக்குப் போனால் ஒன்றுமில்லை. 100 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே வைத்த சின்ன மேடு, அடியில் ஏதோ இருப்பதாக நம்பவைக்கிறது. தவிலின் தொப்பிப் பக்கம் விழும் அடி நெஞ்சில் இறங்குவதே இல்லை. 82 டெசிபெல் சொச்சம் உணர்திறன் என்பதால் சத்தத்தைக் கூட்டியும் பிரயோஜனமில்லை.

ஆக, குரலுக்குச் சொன்ன சாட்சியைப் பிற்பாடு எல்லா இசைக்கும் விரித்துவிட்டார்கள். புகழ் பொய்யில்லை, எல்லை தாண்டியது. ரோஜர்ஸே பின்னாளில் ஏபி1 என்று கீழ்ச்சுரத்துக்கு ஒரு துணைப்பெட்டி விற்றதே என்று மைத்துனரிடம் சொன்னேன். "அது கம்பெனியின் பலவீனம், ஸ்பீக்கரோடது இல்லை" என்றார்.