குடும்பப் பெயரும் குலப் பெருமையும்

மும்பை மாநகரில் குடியேறிய தமிழரை விடாது தொடரும் வினா ஒன்று உண்டு. பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்கும்போதும், ரேஷன் அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதும், வங்கியிற் கணக்குத் தொடங்கும்போதும் "உமது ஆட்நாவ் யாது?" என்று எழுத்தர் கேட்கின்றார். மராத்தியர்க்கு இஃது எளிய வினா. தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என மூன்றும் வரிசையாய் அமைவது அவர்தம் வழக்கு. ஊரின் முதலெழுத்தோ தந்தையின் முதலெழுத்தோ முன்னே நிற்க, தன் பெயரோடு முற்றுப்பெறுவது தமிழர் பெயர். ஆதலின் நமக்கு அம்மூன்றாவது கட்டம் வெறுமையாகவே நிற்கின்றது.

அவ்வெற்றிடத்தை அவரவர் தத்தமக்குத் தோன்றியவாறு நிரப்பினர். மாதுங்காவில் ஐயர் என்று எழுதினோர் பலர். திருநெல்வேலிச் சீமையினின்றும் போந்து தாராவியிற் குடியமர்ந்தோருள் நாடார், தேவர் என்று எழுதினோர் உளர். செம்பூரிலும் பிற இடங்களிலும் தந்தை பெயரையே எழுதிவிட்டோரும் உளர். இவ்வாறு எழுதிய வீட்டில் தந்தைக்கு ஒரு குடும்பப் பெயரும், மகனுக்கு மற்றொன்றும், பேரனுக்கு வேறொன்றும் அமைந்துவிடும். ஒரே வீட்டில் மூன்று குடும்பங்களோ என்று எழுத்தர் மயங்குவதில் வியப்பில்லை. ஆனால் ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்தோர்க்கு இது வேடிக்கையாய் முடிவதில்லை. எந்தப் பெயரின் சுமை தாங்காது ஊரைவிட்டு வந்தாரோ, அந்தப் பெயரையே இங்கும் தம் கையால் எழுதுக என்று அக்கட்டம் அவரைப் பணிக்கின்றது. எழுதினால் இழிவு, எழுதாது மறைத்தால், என்றேனும் வெளிப்படுமோ என்னும் அச்சம்.

ஆகவே குடும்பப் பெயர் ஒருவனைப் பற்றிக் கூறும் உண்மைதான் யாது என்று ஆராய்வது நமக்கு வெறும் பொழுதுபோக்கன்று. அது அவன் குருதியைக் கூறுகின்றதா? அவன் தகுதியைக் கூறுகின்றதா?

இம்மாநிலம் முழுவதும் அறிந்த பெயரிலிருந்தே தொடங்குவோம். 1891-ஆம் ஆண்டு மௌ நகரிற் பிறந்த பீமராவின் குடும்பத்தார்க்குச் சக்பால் என்பது பெயர். அவர்தம் பூர்வீகம் ரத்தினகிரி மாவட்டத்து அம்படவே என்னும் சிற்றூர். ஊர்ப் பெயரோடு 'கர்' என்னும் விகுதி சேர்த்து 'இன்ன ஊரார்' எனக் குறிப்பது கொங்கண வழக்கமாதலின், அம்படவேகர் என்னும் பெயர் உண்டாயிற்று. சாதாராப் பள்ளியில் அச்சிறுவனிடம் அன்பு பூண்ட பிராமண ஆசிரியர் ஒருவர் இருந்தார் என்றும், அவர் தமது பெயராகிய அம்பேத்கர் என்பதையே பள்ளிப் பதிவேட்டில் எழுதினார் என்றும் தனஞ்சய் கீர் தாம் எழுதிய வாழ்க்கை வரலாற்றிற் குறித்துள்ளார். இன்று கோடிக்கணக்கான மக்கள் நெஞ்சில் ஏந்தும் பெயர், தந்தை வழியில் வந்ததன்று என்பது இதனாற் பெறப்படும். அம்பேத்கர் என்னும் பெயருடைய இரு குடும்பத்தாரின் குருதியை ஆராய்ந்து உறவு காண முற்படுவோன் ஏமாற்றமே அடைவான்.

தமிழகத்திலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று அதற்கு முன்னரே நிகழ்ந்தது. 1845-இற் பிறந்த காத்தவராயன் என்னும் இளைஞர் தமக்குக் கல்வி புகட்டிய அயோத்திதாசக் கவிராச பண்டிதரிடம் கொண்ட பற்றினால் ஆசிரியர் பெயரையே தம் பெயராகக் கொண்டார். பின்னாளில் சென்னையிற் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவி, 1907 முதல் 'தமிழன்' இதழை நடாத்திய அயோத்திதாச பண்டிதர் அவரே. தமிழ்ப் பௌத்தத்தின் புத்துயிர்ப்புக்கும் மராத்திய மண்ணின் தீக்ஷைக்கும் முன்னின்ற இருவரும் ஆசிரியரின் பெயரைத் தாங்கியோர் என்பதை எண்ணுந்தோறும் நமக்கு வியப்பே மிகுகின்றது.

ததாகதரைக் கோதமர் என அழைக்கின்றோம். அது பழைய ரிஷி ஒருவரின் வழிவந்த பிராமண கோத்திரப் பெயர். சாக்கியரோ க்ஷத்திரியர். தம் புரோகிதரின் கோத்திரத்தைத் தமதாகக் கொள்ளும் வழக்கம் க்ஷத்திரியரிடம் இருந்தது என்று கூறி ஆராய்ச்சியாளர் இதனை விளக்குவர். அவ்வாறாயின் இப்பெயரும் குருதி வழி வந்ததாகாது.

கடல் கடந்தும் காண்போம். இலங்கையிற் பெரேரா, சில்வா, பெர்னாண்டோ என்னும் பெயருடைய சிங்களப் பௌத்தர் எண்ணிறந்தோர். போர்ச்சுகீசியர் ஆண்ட காலத்தில் நுழைந்த பெயர்கள் இவை. பெரேரா என்பதன் மூலம் பேரிக்காய் மரத்தைக் குறிக்கும் சொல். சில்வா என்பது காட்டைக் குறிப்பது. தூத்துக்குடிப் பரதவரிடையும் பெர்னாண்டோ என்னும் பெயர் இன்றளவும் வழங்குகின்றது. இப்பெயர்களைக் கொண்டு இவர்களெல்லாம் லிஸ்பன் நகரத்தார் வழித்தோன்றல்கள் என்று எவரேனும் முடிவு கட்டுவாராயின், நாம் நகைப்போம். ஆயின் நம் நாட்டுக் குலப் பெயர் ஒன்றைக் கேட்ட மாத்திரத்தில் அவன் குருதியையே கண்டுவிட்டதாக எண்ணுவோரை நோக்கி நாம் நகைப்பதில்லை!

இந்நாளில் எச்சில் துளியைக் கண்ணாடிக் குப்பியில் இட்டு அனுப்பி, தம் மூதாதையர் யாவர் என்று அறிய விழைவோர் பெருகியுள்ளனர். அறிவியலை நாம் பழிக்கவில்லை. அது கூறுவதைச் செவ்வனே கேட்டல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் ஒய் குரோமோசோம் ஒன்றே குடும்பப் பெயரோடு ஒத்த வழியில் இறங்குவது. பத்துத் தலைமுறை பின்னோக்கின் அத்தலைமுறையில் ஒருவனுக்கு மூதாதையர் இடம் 1024. அவற்றுள் குடும்பப் பெயர் சுட்டுவது ஒரே ஒருவரை. எஞ்சிய 1023 பேரும் பெயரின்றி மறைகின்றனர். நம்மைப் பெற்ற தாய்மார் அனைவரும் அவருள் அடக்கம். அந்த ஒற்றை வழியும் அறாது வருகின்றதோ எனின், இங்கிலாந்தில் சைக்ஸ் என்னும் குடும்பப் பெயருடையோரை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவில், பாதிக்குச் சற்றுக் குறைவானோரே ஒரு பொதுவான தந்தைவழியைக் காட்டினர்.

நம் நாட்டைப் பற்றிய ஆராய்ச்சி இதனினும் வியப்புடையது. ஐதராபாத்து உயிரணு மூலக்கூற்று உயிரியல் மையத்தைச் சார்ந்த தங்கராஜ் முதலிய அறிஞர்கள் அமெரிக்க அறிஞரோடு கூடி, 73 மக்கட் கூட்டங்களைச் சேர்ந்த 571 பேரின் மரபணுக்களை ஆய்ந்து 2013-இல் முடிவு கூறினர். ஏறத்தாழ 4,200 ஆண்டுகட்கு முன்னிருந்து 1,900 ஆண்டுகட்கு முன் வரை இந்நிலத்து மக்கள் பரவலாகக் கலந்தனர். அதன்பின் அகமணம் என்னும் வேலி எழுந்து கலப்பு அருகிற்று. கலவாத குலம் என ஒன்றை இங்குக் காண்டல் அரிது, அளவே வேறுபடும். வேலி காத்த தூய்மை யாது என்று பார்த்தால், சில கூட்டங்களில் அது காத்துத் தந்தது பரம்பரைக் குறைபாடுகளையே. ஆந்திரத்து வைசியருள் சிலர்க்கு அறுவைச் சிகிச்சையின்போது தசை தளரக் கொடுக்கும் மருந்தொன்று எளிதில் நீங்குவதில்லை என்பதை மருத்துவர் நன்கறிவர்.

குலப் பெயரின் மூலத்தை ஆராய்வது பகவான் புத்தருக்குப் புதிதன்று. தீக நிகாயத்து அம்பட்ட சூத்திரம் அத்தகைய ஆராய்ச்சி ஒன்றினை நமக்குக் காட்டுகின்றது. போக்கரசாதி என்னும் பெரும் பிராமணரின் மாணவன் அம்பட்டன், சாக்கியர் இழிந்தோர் எனப் பழித்தான். பகவான் அவனது கோத்திரத்தை வினவினார். கண்ஹாயனம் என்றான். அப்பெயரின் வரலாற்றைப் பகவான் எடுத்துரைத்தார்: ஒக்காக மன்னனின் அடிமைப் பெண் திசை என்பாள், அவள் ஈன்ற கரிய மகன் கண்ஹன், அவன் வழியினரே கண்ஹாயனர். தம் சாக்கியர் வரலாற்றையும் அவர் பூசி மெழுகவில்லை. நாடு கடத்தப்பட்ட ஒக்காகன் மக்கள், பிற குலத்தோடு கலக்க அஞ்சித் தம் தங்கையரையே மணந்தனர் என்ற செய்தியும் அங்கேயே வருகின்றது.

இனி நடந்ததுதான் நம் உள்ளத்தைக் கவர்வது. அம்பட்டன் அடிமைப் பெண்ணின் வழியினன் என்று அறிந்ததும் உடன்வந்த இளைஞர் ஆரவாரித்து அவனை இகழ்ந்தனர். இகழ்ச்சி எல்லை மீறுவதைக் கண்ட பகவான் அவர்களைத் தடுத்தார். அக்கண்ஹன் தென்னாடு சென்று கல்வி கற்றுப் பெரிய ரிஷியாய்த் திரும்பினான் என்று கூறி அவனைத் தலைநிமிரச் செய்தார். செருக்கை அழிக்கவே மூலத்தை வெளிப்படுத்தினார். வேறொருவர் செருக்குக்கு அது தீனியாவதை அவர் ஒப்பவில்லை. பின்னர், பிறப்பையும் கோத்திரத்தையும் பேசிக் கட்டுண்டோர் மெய்யறிவுக்கும் நல்லொழுக்கத்துக்கும் நெடுந்தொலைவில் உள்ளார் என்று போதித்தார்.

இவ்விடத்தில் நம்மவரையும் நோக்கி ஒரு சொல் கூறவேண்டும். பறையர் என்னும் பெயர்க்கு அறத்தைப் பறைந்தோர் என்று பொருள் கண்டு, அவரே பூர்வ பௌத்தர் என அயோத்திதாசர் வாதித்தார். முழவின் பெயரால் வந்தது என்பார் வேறு அறிஞர். டாக்டர் அம்பேத்கரும் 1948-இல் வெளியிட்ட நூலில், தீண்டப்படாதார் முன்னாளில் பௌத்தராய் இருந்தோர் என்னும் கொள்கையை முன்வைத்தார். தலை தாழ்ந்து நின்றோரைத் தலைநிமிரச் செய்த இவ்வாராய்ச்சிகளின் பயனை நாம் குறைத்து மதியோம். ஆயினும் "எம் முன்னோர் பௌத்தர், ஆகலின் யாம் உயர்ந்தோம்" என்று ஒருவர் கூறுவாராயின், அவர் வாயிலிருந்து பேசுவோன் அம்பட்டனே. முன்னோர் எவரும் பௌத்தராய் இல்லாத ஒருவன் நேற்றுத் திரிசரணம் பெற்றான் எனின், அவன் எவ்வகையில் தாழ்ந்தவன்? கங்கை, யமுனை, அசிரவதி, சரபு, மஹி ஆகிய பேராறுகள் கடலை அடைந்ததும் தத்தம் பெயரை இழப்பது போல, நால்வகைக் குலத்தாரும் சங்கத்துட் புகுந்ததும் முன்னைப் பெயரும் கோத்திரமும் நீங்கிச் சாக்கிய புத்திரர் எனப் பெயர் பெறுவர் என்பது பகவானின் உவமை. 1898-இற் சென்னையிற் கூடியோர் தம் சங்கத்துக்குச் சாக்கியப் பெயர் இட்டபோது கபிலவஸ்துவோடு குருதித் தொடர்பு எவரும் காட்டவில்லை. அதற்குத் தேவையும் இல்லை.

எனின், அந்த மூன்றாவது கட்டத்தில் எதனை எழுதுவது? குலப் பெயரை எழுதுதல் பௌத்தர்க்குப் பொருந்தாது என்பது நம் துணிபு. 1929-இற் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டிலேயே தமிழர் பலர் பட்டப் பெயர்களை உதறினர். குலப் பெயரை விட்டால் சலுகை போய்விடும் என்று அஞ்சுவோர்க்கு ஒன்று சொல்வோம்: உரிமை சாதிச் சான்றிதழைப் பற்றியது, பெயரின் வாலைப் பற்றியதன்று. பௌத்தரான பட்டியல் வகுப்பாரின் உரிமையும் 1990-இற் சட்டத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அன்றியும், ஒரு மாநிலத்துப் பட்டியல் உரிமை வேறு மாநிலத்திற் குடியேறினார்க்கு உடன் வாராது என 1990-இலும் 1994-இலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாராவித் தமிழருக்கு இதன் பொருள் கசப்பானது. குலத்தின் இழிவு இரயிலேறி உடன் வந்தது. உரிமையோ ஊரிலேயே நின்றுவிட்டது.

தந்தை பெயரை எழுதுவோர் எழுதுக. ஊர்ப் பெயரை விரும்புவோர் கொங்கணத்தார் போல் ஊரைக் கொள்க. 2024 மே முதல் நாள் தொட்டுப் பிறந்த பிள்ளைகட்கு ஆவணங்களில் தாய் பெயரும் சேர்தல் வேண்டும் என்று மகாராட்டிர அரசு முடிவு செய்தமை நமக்கு மகிழ்ச்சியே. மறைந்த மூதாதையருள் ஒருவரேனும் வெளிவந்தார். கற்பித்த ஆசிரியர் பெயரை ஒருவர் ஏற்பாராயின் அதற்கும் மேலான முன்மாதிரி நமக்கு உண்டு.

குடும்பப் பெயரை மாற்றுதல் பெற்ற தந்தையை அவமதிப்பதாகும் என்று முதியோர் சிலர் வருந்துகின்றனர். அவ்வருத்தம் பொய்யன்று, சுத்தோதன மன்னருக்கும் அது வந்தது. கபிலவஸ்துவின் வீதியில் தம் மகன் வீடுதோறும் பிச்சை ஏற்பதைக் கேட்டு அவர் ஓடி வந்தார். நம் வமிசத்தில் எவரும் இவ்வாறு செய்ததில்லையே என்று கலங்கினார். அது மன்னராகிய தங்கள் வமிசம், எமது வமிசம் புத்தர்களின் வரிசை என்று மகன் அமைதியாய் விடையிறுத்தார். தந்தையைத் துறந்து அவர் வந்தவழியே திரும்பிவிடவில்லை. அவ்வீதியிலேயே நின்று அறம் உரைத்தார். மன்னர் மகனின் பிச்சைப் பாத்திரத்தைத் தம் கையில் வாங்கிக்கொண்டு, அவரையும் அடியார்களையும் அரண்மனைக்கு அழைத்துச் சென்று உணவளித்தார்.