சோறு முதலா, தொண்டு முதலா?

முதுமைக்கு ஆயத்தமாவதென்றால் முதலில் வயிற்றுக்கும் கூரைக்கும் வழி பார்க்க வேண்டும், மதிப்பும் மனநிறைவும் பிறகு என்பார்கள். 1943இல் அமெரிக்க உளவியலாளர் மாஸ்லோ மனிதத் தேவைகளை அப்படித்தான் அடுக்கினார். தர்மபுரத்தில் இருந்துகொண்டு அதை முழுதாக மறுக்க எனக்கு மனம் வராது. 2009 தை மாதம் போரில் இடம்பெயர்ந்த சனம், எங்கள் ஊர் வழியே போகும் பரந்தன் - முல்லைத்தீவு வீதி நெடுகத் தறப்பாளுக்குக் கீழே கிடந்தது. பசித்துக் கிடந்த கிழவர்களிடம் அப்போது பக்தி பேசியிருந்தால் அது கொடுமை.

ஆனால் கீழ்த்தட்டு நிறைந்த பிறகு? பக்கத்து வளவு ஆச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது. கல்வீடு, வெளிநாட்டு மகன் அனுப்பும் காசு, கிளினிக்கில் பிரஷர் குளிசை எல்லாம் உண்டு. இருந்தும் சோற்றைப் பிசைந்து கோழிக்குப் போட்டுவிட்டு எழும்புவார். "ஆருக்காகப் பிள்ளை சாப்பிட?" என்பார்.

போன திருவெம்பாவைக் காலத்தில் மாலை கட்ட ஆளில்லை என்று கோயில் ஐயர் சொன்னார். பூக்கூடையை ஆச்சியின் திண்ணையில் கொண்டுபோய் வைத்தேன். கண்ணில் புரை. விரலாலேயே நந்தியாவட்டைக் காம்பைத் தடவி, இரண்டிரண்டாக அடுக்கி, ஈர வாழைநாரால் முடிந்தார். தளர்ந்த முடிச்சைத் தானே அவிழ்த்து மறுபடி கட்டினார். மாலை கோயிலுக்குப் போனதும், "இண்டைக்கு என்ன கறி வைச்சனி?" என்று கேட்டார்.

சைவம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு நெறி சொல்கிறது. பூக் கொய்வதும் மாலை கட்டுவதும் கோயில் கூட்டுவதும் சரியை. முதற்படி என்பதால் அதைத் தாழ்ந்த படி என்று நினைத்துவிடுகிறோம். அப்பர் எண்பத்தொரு வயது வரை வாழ்ந்தார் என்பது மரபு. பதிகம் பாடிய பெருமை இருக்க, உழவாரப்படையோடு புல் செதுக்க அவர் ஏன் போனார்? உடம்பு உள்ளமட்டும் அதற்கொரு பணி வேண்டும் என்பதே அந்த வாழ்க்கை எனக்குச் சொல்வது. உலக சுகாதார நிறுவனமும் ஆரோக்கிய முதுமையை நோயின்மையால் அளப்பதில்லை. தான் பெரிதாக மதிப்பதைச் செய்ய ஒருவருக்கு இயலுமா என்றுதான் பார்க்கிறது.

கையும் விழுந்து படுக்கையில் கிடப்பவருக்கு? அவரிடம் நாள் பார்க்கக் கேட்கலாம், பேரப்பிள்ளைக்குத் தேவாரம் சொல்லிக்கொடுக்கச் சொல்லலாம். அதுவும் இயலாதவரைப் பராமரிப்பது நமது தொண்டு.

சோறும் தொண்டும் ஒரே நாளின் தேவைகள்; ஒன்று முடிந்து மற்றது வருவதில்லை. ஐம்பதைத் தாண்டியவர்கள் வங்கிப் புத்தகத்தோடு, இருந்த இடத்தில் செய்யக்கூடிய ஒரு கைத்தொண்டையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். பிள்ளைகளே, தாய் தகப்பனுக்கு எல்லாம் செய்யுங்கள். அவர்கள் செய்யவும் ஏதாவது மிச்சம் வையுங்கள்.