துறவியின் கையில் எஞ்சியவை

7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியிலிருந்து ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’, தொலைந்துபோன ஒரு பிச்சைப் பாத்திரத்தைப் பற்றிய கேலி நாடகம். கள் மயக்கத்தில் தள்ளாடும் காபாலிகச் சைவத் துறவி ஒருவன் பிச்சையேற்கும் மண்டையோட்டைக் காணாமல் திண்டாடுகிறான். அங்கிக்குள் எதையோ மறைத்துக்கொண்டு போகும் பௌத்த பிக்கு ஒருவர் மீது சந்தேகம் விழுகிறது. தெருவில் இழுபறி நடக்கிறது. பஞ்சாயத்துக்குப் பாசுபத சைவத் துறவி ஒருவன் வருகிறான். ஓட்டைக் கவ்விக்கொண்டு போனது ஒரு நாய் என்பது கடைசியில்தான் தெரியவருகிறது. உலகத்தை விட்டவர்கள் ஓர் ஓட்டுக்காக மல்லுக்கட்டுவது மேலோட்டமான வேடிக்கை. காபாலிகனின் பதற்றத்தில் இருப்பது அதைவிடக் கூர்மையான கேலி. பிச்சை எடுக்க வேறு ஏனம் கிடைக்காதே என்று அவன் அழவில்லை. கபாலம் போனால் தான் காபாலிகனே இல்லையே என்றுதான் அழுகிறான். வீடு, மனை, உறவு எல்லாவற்றையும் விட்டவனுக்கு ‘நான் இன்னார்’ என்று காட்ட அந்த ஓடு ஒன்றுதான் மிச்சம். எல்லாம் விட்ட பிறகு கையில் இருக்கும் ஒன்று, விட்டவை அத்தனைக்கும் ஈடாகக் கனத்துவிடுமா?

மனம் ஒட்டாவிட்டால் பொருள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்பதே நம்மிடம் பொதுவாகக் கிடைக்கும் பதில். அரியணையில் இருந்தபடியே ஞானியாக இருந்த ஜனகனை இதற்குச் சாட்சியாக அழைப்பார்கள். வேடத்தை நம்பாத வள்ளுவரும் கூடாவொழுக்கம் அதிகாரத்தில் ஏறக்குறைய இந்தப் பக்கமே நிற்கிறார். ஆனால் தமிழ் மரபே வைத்திருக்கும் இன்னொரு கதை இந்தப் பதிலுக்கு இடைஞ்சலாக இருக்கிறது. திருவிடைமருதூர்க் கோயிலின் ஒரு வாசலில் பட்டினத்தாரும், மறு வாசலில் அரச பதவியைத் துறந்து வந்த பத்திரகிரியாரும் இருந்தார்களாம். பிச்சை கேட்டு வந்தவனிடம் பட்டினத்தார், அந்த வாசலில் ஒரு குடும்பஸ்தன் இருக்கிறான், அவனிடம் போய்க் கேள் என்று அனுப்பினார். பத்திரகிரியாரிடம் இருந்தவை ஒரு திருவோடும் ஒரு நாயும் மட்டும். நாட்டையே உதறியவர் ஓட்டில் மனம் ஒட்டாமல்தான் இருந்திருப்பார். இருந்தும் பட்டினத்தார் அவருடைய மனத்தை விசாரிக்கவில்லை, கையைத்தான் பார்த்தார். மனத்தைப் பற்றி மனிதன் தானே கொடுக்கும் சாட்சியத்தை நம்ப முடியாது என்ற கறாரான அறிவு இந்தக் கதைக்குள் இருக்கிறது.

அதே அறிவைச் சட்டமாக எழுதியவர்கள் பௌத்தர்கள். விநயபிடகம் பிக்குவின் மனத்தைக் கிளறுவதை விட்டுவிட்டுத் துணியைக் கையில் எடுக்கிறது. புதுத் துணி கிடைத்தால் முதலில் அதை வெட்ட வேண்டும். மகதத்து வயல்களின் வரப்புகளைக் கண்ட புத்தர், அதே அமைப்பில் அங்கி தைக்க முடியுமா என்று சீடர் ஆனந்தரிடம் கேட்டார் என்றும், ஆனந்தர் நெட்டு வரப்பு, குறுக்கு வரப்பு என்று துண்டுகளை இணைத்துத் தைத்தார் என்றும் விநயபிடகத்தின் மகாவக்கப் பகுதி சொல்கிறது. துண்டுபட்ட துணிக்குச் சந்தையில் மதிப்பு இல்லை, திருடன் விரும்பமாட்டான். பிறகு வேர், பட்டை, இலை போன்றவற்றின் சாயம் ஏற்றி அதன் வெண்மையைப் போக்க வேண்டும். உடுத்துவதற்கு முன் நீலமோ சேறோ கருமையோ கொண்டு ஒரு கறைப் புள்ளியும் வைக்க வேண்டும். புதியது புதியதாகவே கைக்கு வந்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம். மூன்று அங்கிகள், பாத்திரம், இடுப்புக் கச்சை, சவரக் கத்தி, ஊசி, நீர் வடிகட்டி ஆகிய எட்டும்தான் பிக்குவின் உடைமை என்று மரபு எண்ணுகிறது.

பாத்திரத்துக்கான விதி இன்னும் சுவையானது. பழைய பாத்திரத்தில் ஐந்து ஒட்டுகள் விழும்வரை புதியது கேட்கக் கூடாது. மீறி ஒருவர் கேட்டு வாங்கிவிட்டால், அதைச் சங்கத்தின் நடுவில் வைத்துவிட வேண்டும். மூத்த பிக்கு விரும்பினால் தன்னுடையதை வைத்துவிட்டு அதை எடுத்துக்கொள்ளலாம். அவர் வைத்தது அடுத்தவருக்குப் போகும். இப்படியே வரிசை முழுவதும் கைமாறி, யாருக்கும் வேண்டாமல் மிஞ்சும் பாத்திரம் கேட்டு வாங்கியவர் கைக்கு வரும். அது உடையும்வரை அவர் அதையே வைத்திருக்க வேண்டும். ஊசிப் பெட்டிக்கும் ஒரு விதி உண்டு. கபிலவஸ்துவில் தந்த வேலைக்காரர் ஒருவர் பிக்குகளுக்கு ஊசிப் பெட்டி செய்து தர முன்வந்தார். சிறியது வைத்திருந்தவர் பெரியது கேட்டார், பெரியது வைத்திருந்தவர் சிறியது கேட்டார். இவர்களுக்குச் செய்துகொடுத்தே அவர் பிழைப்பு கெட்டது. அதற்குப் பிறகு எலும்பு, தந்தம், கொம்பு ஆகியவற்றால் ஆன ஊசிப் பெட்டி கிடைத்தால் உடைத்துவிட வேண்டும் என்று விதி வந்தது. ஊசி வைக்கும் கூட்டுக்குள்ளும் ஆசை புகுந்துகொள்ளும் என்பது அந்தச் சட்டக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மனித மனத்தை இவ்வளவு சிறிய அளவில் கவனித்தவர்கள் குறைவு.

ஆனாலும் பொருளைத் திருத்தியமைத்தால் பற்று போய்விடும் என்ற இந்தத் திட்டம் முழுதாக வெற்றிபெறவில்லை. விலையை அழித்தால் அந்த இடத்துக்குப் பெருமை வந்து அமர்கிறது. கிழிந்த பகுதி தெரியும்படி மேலாடையைத் திருப்பிப் போட்டுக்கொண்ட கிரேக்கச் சிந்தனையாளர் ஆண்டிஸ்தெனிஸிடம், ஓட்டை வழியே உன் பெருமை தெரிகிறது என்று சாக்ரடீஸ் சொன்னதாக டயோஜெனிஸ் லேயர்ஷியஸ் எழுதிவைத்திருக்கிறார். 11ஆம் நூற்றாண்டில் லாகூரில் வாழ்ந்த ஹுஜ்வீரி, சூஃபிகளின் ஒட்டுப்போட்ட அங்கிக்குத் தன் ‘கஷ்ஃபுல் மஹ்ஜூப்’ நூலில் தனி அத்தியாயமே ஒதுக்கி, ஊரார் பார்வைக்காக அதை அணிபவர்களைச் சாடுகிறார். தையல் எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் குருமார்களிடையே இரண்டு கட்சி: ஊசி எங்கே வருகிறதோ அங்கே குத்தி இழுத்தால் போதும் என்பது ஒன்று, வரிசை பிசகாமல் நேராகத் தைக்க வேண்டும் என்பது மற்றொன்று. நான் இரண்டாம் கட்சி. அலட்சியத்தைக் காட்டுவதற்காகவே கோணலாகத் தைப்பவன் அந்தக் கோணலைத் தன் விலாசமாக்கிக்கொள்கிறான். நேராகத் தைப்பவன் வேலையை வேலையாகப் பார்க்கிறான். ஜப்பானில் கதை இன்னும் தூரம் போயிற்று. குப்பைத் துணியைக் குறிக்க வேண்டிய வரப்புத் தையலை விலையுயர்ந்த சரிகைப் பட்டை வெட்டித் தைத்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரி உடுத்தினாலாவது பெருமைக்கு இடமிராது என்றால், 18ஆம் நூற்றாண்டுப் பர்மாவில் ஒரு தோளை மூடுவதா இரு தோளையும் மூடுவதா என்று பிக்குகள் தலைமுறை தலைமுறையாகச் சண்டையிட்டு, கடைசியில் மன்னர் போதவ்பயா தலையிட்டுத் தீர்க்க வேண்டியிருந்தது.

அப்படியானால் துணியையே விட்டுவிடுவதுதான் நேர்மை என்று சமணத் திகம்பரர் சொல்வார். இந்தியத் தத்துவ வரலாற்றில் ஆடை பற்றி நடந்த மிகக் கடுமையான வாதம் சமணத்தின் இரு பிரிவுகளுக்கிடையே நடந்தது. பற்றுதான் உடைமை என்ற உமாஸ்வாதியின் வரையறையை இருவரும் ஏற்கிறார்கள், முடிவில்தான் பிரிகிறார்கள். உடலையும் நாணத்தையும் காப்பதற்காக, ஆசையின்றி வைத்துக்கொள்ளும் துணியும் பாத்திரமும் உடைமை ஆகா என்று தசவைகாலிக சூத்திரத்தைக் காட்டி சுவேதாம்பரர் வாதிடுவர். வந்தவாசிக்கு அருகிலுள்ள பொன்னூர் மலையோடு மரபு இணைத்துப் பேசும் குந்தகுந்தரோ, தீர்த்தங்கரரே ஆனாலும் துணி உடுத்தியவருக்கு வீடுபேறு இல்லை என்று தீர்த்துச் சொல்கிறார். திகம்பரர் தரப்பு வாதங்கள் மிக நடைமுறையானவை: துணி இருந்தால் அதைப் பிறரிடம் கேட்டு வாங்க வேண்டும், துவைக்க வேண்டும், துவைத்தால் உயிர்கள் சாகும், களவு போகுமே என்ற அச்சம் வரும். மனம் ஒட்டவில்லை என்று நீ சொன்னாலும் துணி உன்னை வேலை வாங்கும் என்பது இதன் சாரம். வலுவான வாதம்தான். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. நிர்வாணம் நிபந்தனையானால், சமூகம் அதை அனுமதிக்காத பெண்ணுக்கு இந்தப் பிறவியில் விடுதலை இல்லை. திகம்பரர் அந்த முடிவையும் ஏற்றார்கள். யாபனீயர் என்ற மூன்றாம் பிரிவின் முனிவர்கள் தாங்கள் ஆடையின்றி இருந்துகொண்டே, ஆடை உடுத்திய பெண்ணுக்கு வீடுபேறு உண்டு என்று வாதாடினார்கள். அவர்களில் ஒருவரான சாகடாயனர் 9ஆம் நூற்றாண்டில் இதற்காகவே தனி நூல் எழுதினார். தம் ஒழுக்கத்தைப் பிறருக்குத் தடைச்சுவராக்க மறுத்த அவர்களை நாம் போதிய அளவு நினைப்பதில்லை.

எல்லாவற்றையும் விட்ட திகம்பர முனிவரின் கையைப் பார்த்தால் அங்கே இன்னும் மயிற்பீலிக் கற்றை இருக்கிறது, கமண்டலம் இருக்கிறது. முரண்பாடு என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அங்கேதான் விடை தெரிகிறது. பீலி முனிவருக்காக இல்லை. அவர் உட்காரும் இடத்தில் ஊரும் எறும்புக்காக. மயில் தானே உதிர்த்த இறகால் ஆனது என்பதால் அதைச் செய்வதிலும் கொலை இல்லை. பிக்குவின் எட்டுப் பொருள்களில் நீர் வடிகட்டி ஏன் இருக்கிறது என்பதும் இதனோடு சேர்த்துப் பார்த்தால் விளங்குகிறது: தண்ணீரில் வாழும் சிற்றுயிர் வயிற்றுக்குள் போகாமலிருக்க. பௌத்தக் காப்பியமான மணிமேகலையில் அமுதசுரபி வருகிறது. மணிமேகலை வைத்திருப்பதும் பாத்திரம்தான், பத்திரகிரியார் வைத்திருந்ததும் பாத்திரம்தான். ஒன்று எப்போதும் நிறைந்திருந்தும் சுமையாகவில்லை, மற்றொன்று காலியாக இருந்தபோதே குடும்பமாகிவிட்டது. காரணம் விலையிலோ எண்ணிக்கையிலோ இல்லை. அமுதசுரபி யார் பசிக்கோ இருந்தது. ஓடு தன் பசிக்கு இருந்தது. கையில் இருக்கும் பொருள் உடைமையா இல்லையா என்பதை, அது யாருடைய தேவையைச் சுமக்கிறது என்பதைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும் என்பது என் வாதம்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். பிறருக்காக வைத்திருக்கிறேன் என்று யார்தான் சொல்ல மாட்டார்கள்? மடாதிபதியின் நவரத்தின மாலையும் சாமிக்காகத்தான், அமைச்சரின் பங்களாவும் மக்களுக்காகத்தான். மனம் ஒட்டவில்லை என்ற பேச்சைப் போலவே இதுவும் சோதிக்க முடியாத பேச்சாகிவிடாதா? ஆகாது, மனத்துக்கு இல்லாத ஒரு வெளிச்சோதனை இதற்கு உண்டு. பிறருக்கான பொருள் கைமாறும்போது வைத்திருந்தவருக்கு எதுவும் குறையாது. மழைக்காலச் சாதுர்மாத விரதம் முடிந்து திகம்பர முனிவர் புதுப் பீலி ஏற்கும்போது, பழையது விரதம் ஏற்கும் இல்லறத்தார் ஒருவர் கைக்குப் போகிறது. பாத்திரங்களை வரிசை முழுவதும் கைமாற்றிய விநய விதியும் இந்தச் சோதனைதான். சீனச் சான் மரபில் போதிதர்மரின் அங்கி குருவிடமிருந்து சீடனுக்குக் கைமாறி வந்தது. அதற்காக ஆள்கள் துரத்தத் தொடங்கியதும், ஆறாம் குரு ஹுய்நெங்கோடு அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது என்று அம்மரபின் நூல் சொல்கிறது. கைமாறும்போது சண்டை வந்தால் அது உடைமையாகிவிட்டது என்று அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

காவியுடுத்தாதவர்களுக்கும் இந்தச் சோதனை பொருந்தும். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி சட்டையையும் குல்லாயையும் விட்டு முழங்கால் அளவு வேட்டிக்கு வந்தார். அயல் துணியை எரித்துவிட்டுக் கதர் வாங்கக் காசில்லாத ஏழைகள் என்ன உடுத்துவார்கள் என்ற கேள்விக்கு அவருடைய உடல் கொடுத்த பதில் அது. குறைந்தது அக்டோபர் 31 வரை என்றுதான் அப்போது அறிவித்தார். உடன் உழைப்பவர்கள் தன்னைப் பின்பற்ற வேண்டும் என்றும் அவர் எதிர்பார்க்கவில்லை. தலைவர்கள் வழக்கமாக அணியாத விநோத உடைதான், கண்ணில் படத்தான் செய்தது. ஆனால் அது காட்டியது அவரை அல்ல, துணி வாங்க முடியாதவரை. தொழிற்சாலையில் இயந்திரம் கிழித்த ஜீன்ஸைக் காசு கொடுத்து வாங்கி அணிவதையும் இதையும் ஒன்றாக வைத்து, எல்லாமே வேடம்தான் என்று முடிப்பவர்கள் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை.

என் அளவுகோலுக்கும் ஓர் எல்லை உண்டு. பொருள் உழைக்கும்வரைதான் அது செல்லும். 2009 மார்ச்சில் நியூயார்க்கில் காந்தியின் மூக்குக்கண்ணாடி, செருப்பு, கடிகாரம், தட்டு, கிண்ணம் ஏலத்துக்கு வந்தன. மதுபானத் தொழிலதிபர் விஜய் மல்லையா 18 லட்சம் டாலருக்கு எடுத்தார். வாழ்நாள் முழுவதும் உடைமையாகாமல் இருந்தவை, உடையவர் போன பிறகு உடைமையாயின. பொருளின் பிறப்பைப் போலவே அதன் முடிவையும் திட்டமிட வேண்டும் என்று விநயம் எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. கோசாம்பியில் மன்னன் உதயணனின் அரண்மனைப் பெண்கள் ஆனந்தருக்கு 500 அங்கிகளைக் கொடுத்துவிட்டார்கள். எரிச்சலடைந்த உதயணன், இத்தனையையும் வைத்துக் கடையா போடப் போகிறீர் என்கிற தோரணையில் விசாரிக்கப் போனான். கிழிந்த அங்கி உடுத்தியவர்களுக்குப் பகிர்ந்து கொடுப்போம் என்றார் ஆனந்தர். அவர்களுடைய பழைய அங்கிகள்? மேல்விரிப்பாகும். பழைய விரிப்புகள்? மெத்தை உறையாகும். பழைய உறைகள் தரைவிரிப்பாகும், பழைய தரைவிரிப்பு கால்துடைப்பானாகும், அது தூசி துடைக்கும் துணியாகும், அதுவும் நைந்தால் துண்டாக்கிச் சேற்றில் மிதித்துக் குழைத்துத் தரைக்குப் பூசிவிடுவோம் என்று அவர் வரிசையாகச் சொல்லி முடித்தார். உதயணனுக்கு வந்த கோபம் போயிற்று; தன் பங்குக்கு இன்னும் 500 அங்கிகள் கொடுத்துவிட்டுப் போனான்.