பெயரறியாக் கனி



தீபாவளி, பகவான் மகாவீரர் கி.மு. 527-இல் வீடுபேறு எய்தியதாக நாம் போற்றும் திருநாள். அந்நாளுக்குரிய இனிப்பில் சேர்க்கத் திருச்சி, திருவரங்கக் கடைகளில் ‘அஞ்சீர்’ என்னும் உலர்கனியை நம் தாய்மார் சிலர் வாங்குகின்றனர். பெயர் புதிது, கனியோ சீமை அத்தி. ஆல், அரசு, அத்தி முதலிய ஐவகைக் கனிகளையும் சிராவகர் விலக்குதல் வேண்டுமென்பது ஆன்றோர் வகுத்த நெறி. அத்தியின் பூக்கள் கனிக்குள்ளேயே மறைந்திருப்பன; மகரந்தம் கொணரும் சிறு குளவி உள்ளே நுழைந்து அங்கேயே மடிவதுண்டு.

குளவி நுழையாமலே பழுக்கும் அத்தியும் உண்டே எனலாம். உண்மையே. ஆயினும் கையிலுள்ளது எவ்வகையென்று விற்பவரும் பெரும்பாலும் அறியார். பெயரறியாக் கனியை உண்ணேன் என முனிவரிடம் நோன்பேற்ற வங்கசூலன், கானகத்துக் கடும்பசியிலும் அதனைக் காத்தான் என்பது நம் சமணக் கதை. நச்சுக்கனி உண்ட தோழர்கள் மாண்டனர், அவன் பிழைத்தான். அவனுக்கு அந்நோன்பு தன்னுயிரைக் காத்தது. நமக்கு அது பிறவுயிரைக் காக்கும்.

சிராப்பள்ளிக் குன்றின் கற்படுக்கைகளில் வைகிய துறவியர் அனைத்தையும் துறந்தனர். இல்லறத்தாராகிய நாம் ஐயத்திற்குரிய ஒரு கனியையேனும் விடலாகாதா? காவிரிக்கரை வாழையும் தேங்காயும் வெல்லமும் இனிப்பிற்குப் போதும். ஆராய்ந்து சமைத்து, பொழுது சாயுமுன் உண்போம்.

நல்லறம் வளர்க!