பெயர்ந்தவையும் நின்றவையும்

ஊரைவிட்டு வந்த நமக்கும் கடற்கரையிலேயே தங்கிவிட்ட உறவினர்க்கும் இடையே தீராத வழக்கொன்று உண்டு. முயன்றவர் சென்றார், முயலாதவர் நின்றார் என்பது நம் பக்கத்து வாதம். அதன் வலுவைக் கடலைக்கொண்டே அளந்து பார்ப்போம்.

பேய்ச்சாளை என்று நம் கரையார் வழங்கும் மீனை மலையாளக் கரையார் மத்தி என்பர். 1980களின் நடுப்பகுதிவரை அது பெரும்பாலும் மலபார்க் கடலுக்கே உரியதாயிருந்தது. பின்னர் வடக்கேயும் கிழக்கேயும் பரவிச் சோழமண்டலக் கரையின் வலைகளிலும் மிகுதியாக விழலாயிற்று. கடல்நீர் சூடேறியதை ஆய்வாளர் இதற்கு முக்கியக் காரணமாகக் கருதுகின்றனர். நீந்தவல்ல உயிர் தனக்கேற்ற நீரைத் தேடிக்கொண்டது.

நீந்த இயலாததன் நிலை யாது? பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். அவற்றைச் சூழ்ந்து பவளப்பாறைகள். பவளம் வெறுங்கல்லன்று, உயிர். அதன் தசைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. கதிரொளியில் பாசி ஆக்கும் உணவின் பெரும்பங்கு பவளத்துக்குச் சேர்கிறது. பவளமோ பாசிக்கு உறைவிடமும் உரமும் தருகிறது. (வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் இத்துணை இணக்கமாய் வாழ்வதை நாம் இந்நகரில் கண்டதில்லை!) கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு பாகை செல்சியஸ் மிகுந்த சூடு சில வாரங்கள் நீடித்தால் போதும், உறவு முறிகிறது. பாசி வெளியேற, பவளம் வெளுக்கிறது. நீர் விரைவில் குளிர்ந்தால் பாசி மீளும். இல்லையேல் பவளம் பட்டினியால் மடியும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் அங்கே பவளம் வெளுத்தது. மடிந்த பாறைமேல் பெரும்பாசி படர்ந்தால் இளம்பவளம் பற்றிக்கொள்ள இடமில்லை. அப்பாசியை மேயும் கிளிமீனையும் மிகுதியாகப் பிடித்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். பாறையிடுக்கில் ஒளிந்து வளரும் குஞ்சுகளும் புகலிழக்கும்.

பவளம் முயலவில்லை என்று எவர் சொல்வார்? குஞ்சுப் பருவத்தில் அதுவும் நீந்திற்று. ஓரிடத்தில் பற்றி, பாறை கட்டி, பிறவுயிர்க்கும் இடம் கொடுத்ததனாலேயே பெயர இயலாததாயிற்று. சாளை போனது குற்றமன்று. ஆனால் போக முடிந்ததைத் தகுதி என்பதற்குக் கடலில் சான்றில்லை.

நாம் சாளையைப் போலக் குற்றமற்றவர்களுமல்லோம். மனிதர் எரித்த நிலக்கரியும் பெட்ரோலும் புவியில் தேக்கிய மிகைவெப்பத்தில் 10இல் 9 பங்கைக் கடலே ஏற்றுள்ளது. அந்தப் புகையில் நகரவாசியாகிய நம் பங்கு, கரையில் கட்டுமரம் தள்ளியவர் பங்கைவிடப் பெரிதன்றோ? அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, "நீங்களும் அப்போதே கிளம்பி வந்திருக்கலாமே, பெரியப்பா" என்று கேட்க நமக்கு நா எழுமா என்பது ஐயமே.