மணி ஒலிப்பதற்கு முன்

கேள்வி பாதிதான் வந்திருக்கும். அதற்குள் எட்டுப் பேரில் ஒருவரின் பார்வை எங்கோ உள்ளே போய்விடும். விரல் பொத்தானின் மேல் இருக்கும், அழுத்தாது. ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு மணி ஒலிக்கும், அறிவிப்பாளர் கல்லூரியின் பெயரையும் மாணவரின் பெயரையும் உரத்துச் சொல்வார், விடை வரும். அந்த ஒரு மூச்சு நேரத்துக்காகவே நான் இந்தப் போட்டிகளைப் பார்க்கிறேன்.

'யுனிவர்சிட்டி சேலஞ்ச்' பிரித்தானியத் தொலைக்காட்சியில் 1962-ல் தொடங்கியது. பாம்பர் காஸ்கோய்ன் கால் நூற்றாண்டு கேள்வி கேட்டார். 1987-ல் நின்றுபோய், 1994-ல் ஜெரமி பாக்ஸ்மனோடு பிபிசியில் மறுபடி உயிர்பெற்றது. 2023 முதல் கேள்வி கேட்பவர் கொல்கத்தாவில் பிறந்த அமோல் ராஜன். இந்தியாவிலும் 1985-ல் சித்தார்த்த பாசு தூர்தர்ஷனில் 'குவிஸ் டைம்' நடத்தி ஒரு தலைமுறையையே பெட்டி முன் உட்காரவைத்தார். கண்டியில் இருக்கும் எங்களுக்கு இன்று யூடியூப் போதும். ஹந்தானைப் பக்கமிருந்து குளிர் இறங்கும் இரவுகளில், சாப்பாடு முடிந்தபின் பேத்தியும் நானும் பார்ப்போம். கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு எங்கள் இருவருக்கும் விடை தெரியாது. அதனால் குறையொன்றும் இல்லை.

போட்டியின் விதியைக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் என் மனம் தங்குவது அங்கேதான். அணிக்கு நால்வர். முதற்கேள்விக்குப் பத்துப் புள்ளி. அதற்கு அணியினர் தமக்குள் பேசக்கூடாது. ஒவ்வொருவரும் தனியே நிற்கவேண்டும். சரியாகச் சொல்லிவிட்டால் அந்த அணிக்கு மூன்று கேள்விகள் பரிசாக வரும், ஒவ்வொன்றுக்கும் ஐந்து புள்ளி. அவற்றுக்கு நால்வரும் தலைசாய்த்துக் கூடிப் பேசலாம். முதற்கேள்வி முடியுமுன் குறுக்கிட்டு மணியடித்துப் பிழையாகச் சொன்னால் ஐந்து புள்ளி கழிந்துவிடும். முழுக்கக் கேட்டுவிட்டுப் பிழையாகச் சொன்னால் எதுவும் கழியாது.

இதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அறியாமைக்கு அங்கே தண்டனை இல்லை. கேட்டு முடிக்காத அவசரத்துக்குத்தான் தண்டனை. முந்திக்கொண்டு பாயும் விரலில் அறிவைவிட 'நான்' என்பதுதான் அதிகம் இருக்கிறது. எனக்குத் தெரியும், எனக்கு முதலில் தெரியும், என்னை எல்லோரும் பார்க்கட்டும். அந்த 'நான்' ஒரு கணம் விலகி நிற்கும்போது, தேடியும் கிடைக்காத பெயர் தானாக வந்து நாவில் உட்காருகிறது. போட்டியாளர்களின் முகத்தில் அப்போது தெரிவது பெருமையல்ல, வியப்பு. தாங்கள் சொன்ன விடையைத் தாங்களே முதல்முறை கேட்பவர்கள் போல இருப்பார்கள்.

கூடிப் பேசும் கேள்விகளில் இன்னொன்று நடக்கும். விடையை அணித்தலைவர்தான் சொல்லவேண்டும். அவருக்கு விஷயம் தெரியாமல், ஓரத்தில் இருப்பவருக்குத் தெரிந்திருந்தால், அவர் பெயரைச் சொல்லிப் பொறுப்பை ஒப்படைத்துவிடுவார். ஒரு சொல்லில் அந்த இடத்தைக் கொடுத்துவிட்டு அமைதியாக இருப்பார். நால்வருக்குமே தெரியாவிட்டால், "தெரியாது, விட்டுவிடுகிறோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்கு நிமிர்ந்து உட்காருவார்கள். ஓர் இரவு பேத்தி கேட்டாள்: "தெரியலன்னு சொல்லிட்டு அந்த அக்கா ஏன் தாத்தா சிரிக்கிறாங்க?" நல்ல கேள்வி. நான் உடனே பதில் சொல்லவில்லை.

கேள்வியும் விடையும் சேர்ந்த சடங்கு இந்த ஊருக்குப் புதிதல்ல. 1753-ல் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் என்ற நாயக்க வம்சத்து அரசரின் காலத்தில், சியாம் நாட்டிலிருந்து வந்த உபாலி தேரர், இலங்கையில் அற்றுப்போயிருந்த உபசம்பதா என்னும் உயர் துறவுநிலையைக் கண்டியில் மீட்டுக் கொடுத்தார். மல்வத்தை மகாவிகாரையில் இன்றுவரை அந்தச் சடங்கு தொடர்கிறது. சங்கத்தின் நடுவே நிற்கும் இளந்துறவியிடம் கேட்கப்படும் கேள்விகள் வியப்பானவை. நீ மனிதனா? கடன் இல்லாதவனா? தாய் தந்தை சம்மதித்தார்களா? இருபது வயது நிறைந்ததா? பாத்திரமும் சீவர உடையும் இருக்கின்றனவா? உன் பெயர் என்ன? எந்தப் புத்தகத்தையும் புரட்டவேண்டியதில்லை. உள்ளதை உள்ளது என்றும், இல்லாததை இல்லை என்றும் சொன்னால் போதும்.

அந்தச் சடங்கின் பின்னே, பௌத்தத் துறவிகளின் ஒழுக்க நூலான விநய பிடகத்தில் ஒரு சின்னச் செய்தி இருக்கிறது. ஆரம்பகாலத்தில் இந்தக் கேள்விகளைச் சபை நடுவே திடீரென்று கேட்டபோது, வந்தவர்கள் கூச்சத்தால் வாயடைத்து நின்றார்களாம். அதை அறிந்த புத்தர், முதலில் அவர்களைத் தனியே அழைத்துப்போய்ச் சொல்லிக்கொடுங்கள், பிறகு சபையில் கேளுங்கள் என்று விதியை மாற்றினார். கேள்விக்கு முன்னால் நிற்பவனின் கூச்சத்தைக்கூடக் கருதிய இந்தக் கருணை, எனக்குப் பெரிய தத்துவங்களைவிட நெருக்கமாக இருக்கிறது.

கண்டி வாவியைச் சுற்றிப் போகும் சங்கராஜ மாவத்தையில் பௌத்த வெளியீட்டுச் சங்கம் இருக்கிறது. 1958-ல் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஜெர்மனியில் 1901-ல் பிறந்த ஞானபோனிக தேரர். அதற்கு மேலே உடவத்தகலைக் காட்டின் ஆசிரமத்தில் பல பத்தாண்டுகள் வாழ்ந்து, 1994-ல் மறைந்தார். அவர் ஓயாமல் எழுதியது வெறுங்கவனம் பற்றி: எது வருகிறதோ அதற்குப் பெயர் சூட்டுமுன், தீர்ப்புச் சொல்லுமுன், அதை அப்படியே பார்ப்பது. கேள்வியின் கடைசிச் சொல்வரை காத்திருக்கும் அந்தப் போட்டியாளரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தேரரின் நினைவு வரும். புத்தரின் போதனைத் தொகுப்பான அங்குத்தர நிகாயத்தில் கேள்விகள் நான்கு வகையாகப் பிரிக்கப்படுகின்றன. சிலவற்றுக்கு நேரே விடை சொல்லலாம். சிலவற்றைப் பகுத்துச் சொல்லவேண்டும். சிலவற்றுக்கு எதிர்க்கேள்வி கேட்டுத்தான் விடை தரமுடியும். சிலவற்றைப் பக்கத்தில் ஒதுக்கி வைத்துவிடவேண்டும். தொலைக்காட்சிப் போட்டிக்குள் முதல் வகை மட்டுமே நுழையும். அது அதன் எல்லை. ஆனால் "தெரியாது" என்று சிரித்துக்கொண்டு சொல்லத் தெரிந்தவர்கள் நான்காம் வகையின் வாசல்வரை வந்துவிட்டவர்கள் என்று நினைக்கிறேன்.

அமோல் ராஜனின் கையில் இருக்கும் அட்டைகளில் எல்லாக் கேள்விக்கும் விடை அச்சிட்டிருக்கும். தந்தையை இழந்த துயரத்தில், தன்னை நாத்திகர் என்று சொல்லிக்கொண்ட அவர், 2025-ல் பிரயாக்ராஜ் மகா கும்பமேளாவுக்குப் போனார். பிபிசியில் அது ஆவணப்படமாக வந்தது. அந்தப் பயணத்துக்கு அட்டை கிடையாது. ஊருக்கெல்லாம் விடை சரியா பிழையா என்று சொல்லும் ஒரு மனிதர், இலட்சக்கணக்கானோர் நடுவே விடையில்லாத தன் கேள்வியோடு நடந்து போனதை நான் மிகுந்த மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன்.

அட்டையில் அச்சிட்டதுபோல் ஆயத்தமான விடைகள் எங்களிடமும் இருந்தன. சைவர்களான நாங்கள் சிறுவயதில் அறநெறிப் பாடசாலையில் ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடையை மனப்பாடம் செய்தவர்கள். கேள்வி வந்ததும் விடை வாயிலிருந்து விழும். அதன் பொருள் உள்ளே இறங்க எனக்கு நெடுங்காலம் ஆயிற்று. ஆனாலும் அந்த மனப்பாடத்துக்கு நான் நன்றியுள்ளவன். பொருள் வந்து தங்க ஓர் இடம் அப்போதே உள்ளே இருந்தது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிரியமானது திருச்சாழல். மணிவாசகரின் திருவாசகத்தில் இருபது பாடல்கள். ஒரு பெண் கேட்பாள்: உங்கள் இறைவன் ஏன் சாம்பல் பூசுகிறான், ஏன் தோல் உடுத்துகிறான், ஏன் சுடலையைக் கோயிலாகக் கொண்டான்? மற்றவள் பதில் சொல்வாள். அது பிறந்த கதையில் ஈழம் இருக்கிறது. தில்லையில் மணிவாசகரோடு வாதிட வந்த பௌத்த குருவோடு ஈழ அரசனும் வந்தானாம், பேச்சில்லாத தன் மகளையும் அழைத்துக்கொண்டு. குருவின் கேள்விகளுக்கு அந்தப் பெண்ணையே விடை சொல்லும்படி மணிவாசகர் சொல்ல, பிறந்தது முதல் பேசாதவள் பேசினாள் என்பது மரபு. வாதத்தில் யார் வென்றார் என்ற பகுதி என் மனதில் நிற்பதில்லை. தலதா மாளிகையும் பத்தினி தேவாலயமும் கூப்பிடு தூரத்தில் இருக்க, கட்டுக்கலைப் பிள்ளையாரையும் நடந்தே போய்க் கும்பிடும் ஊரில் வளர்ந்தவனுக்கு அது நிற்கவும் வேண்டாம். படித்தவர்கள் நிறைந்த சபையில், எதையும் படிக்காத, தன்னுடையது என்று ஒரு சொல்கூட இல்லாத ஒரு பெண்ணின் வழியாக விடை வந்தது. அதுதான் நிற்கிறது. விடை யாருடைய சொத்தும் இல்லை என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

சாழலில் புள்ளி கிடையாது. கேட்பவளும் பதில் சொல்பவளும் ஒரே அணி. கேள்வியிலேயே துதி இருக்கிறது. குறை சொல்வது போலக் கேட்பவளுக்கு அவனுடைய சாம்பலும் சுடலையும் எவ்வளவு நெருக்கமாகத் தெரிந்திருக்கின்றன! விடுமுறை நாட்களில் பேத்திக்கு அதைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். கேட்கும் பகுதி அவளுக்கு, பதில் எனக்கு. பாதியில் நான் வரியை மறந்து நிற்பதுண்டு. அப்போது அவள் சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன், அவள் அன்று கேட்டதற்கு அதுவே பதிலாகிவிடுகிறது.