அசல் என்பது எந்த வருடம்?

1951-ஆம் வருடத்து ஷெவர்லே 3100 பிக்கப் வண்டியில் பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கும் தெரியுமா? ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால். கேபினுக்கு உள்ளேயே, சீட்டுக்கும் பின்சுவருக்கும் நடுவில் நெட்டுக்குத்தாக நிற்கும் தகர டேங்க். அன்றைக்கு அது யாருக்கும் ஒரு குறையாகப் படவில்லை. சீட் பெல்ட் கிடையாது. ஸ்டியரிங் தண்டு ஒரே நீளமான இரும்புக் கம்பி. நேருக்கு நேர் மோதினால் அது நெஞ்சை நோக்கித்தான் வரும். நாலு சக்கர பிரேக்குக்கும் சேர்த்து எண்ணெய் போகிற வழி ஒன்றே ஒன்று. எங்காவது ஓர் இடத்தில் ஒழுகினால் நாலும் போச்சு.

டெக்சஸில் இருக்கும் நண்பர் ஒருவர் இப்படி ஒரு வண்டியை வாங்கி, வீட்டு கராஜில் நிறுத்தி, மூன்று வருடமாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். வார நாட்களில் கணினி வேலை. சனி, ஞாயிறு முழுக்கக் கையெல்லாம் கிரீஸ். தொடங்கும்போது அவருக்கு ஒரு வைராக்கியம் இருந்தது. தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே, ஒரு ஸ்க்ரூகூட மாறாமல். அந்த வைராக்கியத்தை ஆட்டிவிட்டது அவர் மனைவி கேட்ட ஒரு கேள்வி.

“எல்லாம் சரிங்க. பெட்ரோல் டேங்க்கை முதுகுக்குப் பின்னாடி வச்சுக்கிட்டு, பெல்ட்டும் இல்லாம, நம்ம பிள்ளைய இதுல கூட்டிட்டுப் போவீங்களா?”

பழைய பொருள்களின் மேல் பிரியம் வைத்த எல்லோரையும் ஏதோ ஒரு வடிவில் வந்து தொடுகிற கேள்விதான் இது. ஒரு பழைய பொருளுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்? அதை மாற்றாமல் வைத்திருப்பதா, அதன் வேலையை அது தொடர்ந்து செய்யும்படி பார்த்துக்கொள்வதா? இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்போது எந்தப் பக்கம் நிற்பது?

*

முதலில் “அசல்” என்ற சொல்லையே கொஞ்சம் சுரண்டிப் பார்க்க வேண்டும். நண்பர் சுரண்டியது பெயிண்டை. மேலே வெள்ளை, அதற்குக் கீழே ஒரு நீலம், அதற்கும் கீழே அந்தக் காலத்து ஷெவர்லே லாரிகளுக்கே உரிய கரும்பச்சை. கதவில், வெள்ளைக்கும் நீலத்துக்கும் நடுவில், தூரிகையால் கையில் எழுதிய சில எழுத்துகள் தெரிந்தன. ஏதோ ஒரு பண்ணையின் பெயர். பாதி அழிந்திருந்தது. பின்கதவு ஒரு காலத்தில் உடைந்து, யாரோ ஆங்கிள் இரும்பை வைத்து முரட்டுத்தனமாக வெல்டிங் பண்ணியிருக்கிறார்கள். அழகு பார்க்கத் தெரியாத, ஆனால் வேலை தெரிந்த கை.

இப்போது சொல்லுங்கள், இதில் அசல் எது? தொழிற்சாலையின் பச்சை அந்த வண்டியின் மேல் தனியாக இருந்தது சில வருடங்கள். அந்த எழுத்தும் வெல்டிங்கும் அதன் உழைப்புக் காலம் முழுவதையும் சேர்ந்தவை. 1951-க்குத் திருப்பிக் கொண்டுபோகிறேன் என்று எல்லாவற்றையும் சுரண்டினால், அந்த வண்டி வாழ்ந்த வாழ்க்கையை அழித்துவிட்டு அது பிறந்த நாளை மட்டும் வைத்துக்கொள்கிறோம்.

பாரிஸின் நோத்ர தாம் தேவாலயம் 2019-இல் எரிந்தபோது அதன் கூரான கோபுரம் சரிந்து விழுந்ததை உலகமே பார்த்தது. இருந்தபடியே மீண்டும் கட்டுவது என்று முடிவானது. ஆனால் அந்தக் கோபுரம் இடைக்காலத்தைச் சேர்ந்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேவாலயத்தைப் புதுப்பித்த வியோலே-லெ-துக் என்ற கட்டடக் கலைஞர் தன் வடிவமைப்பில் வைத்தது. ஒரு கட்டடத்தைப் புதுப்பிப்பது என்றால், அது எந்தக் காலத்திலும் இல்லாத ஒரு முழுமைக்குக்கூட அதைக் கொண்டுபோகலாம் என்று நினைத்தவர் அவர். இதற்கு நேர் எதிராக, புதுப்பித்தல் என்பதே பொய் என்று 1849-இல் எழுதினார் ஜான் ரஸ்கின். ஒருவர் சேர்த்தது, எரிந்த பிறகு, எல்லோருக்கும் அசலாகிவிட்டது. காலம் போதுமான அளவு கடந்தால் ஒட்டுவேலையும் பாரம்பரியம்தான்.

வியோலே-லெ-துக்கின் அந்த ஆசை பிக்கப் உலகத்திலும் உண்டு. இந்த வண்டிகளின் பின்தொட்டியில் தரை மரப்பலகை. தொழிற்சாலையில் அதற்குப் பெயிண்ட் அடித்துத்தான் அனுப்பினார்கள். மூட்டையும் கல்லும் ஏற்றுகிற இடம் அது. இன்றைக்குக் கண்காட்சிகளில் பார்த்தால் ஓக் மரப்பலகை, மேலே ஏழெட்டுப் பூச்சு வார்னிஷ், முகம் பார்க்கலாம். அதன்மேல் ஒரு சாக்கு வெங்காயத்தை வைக்க யாருக்கும் மனசு வராது. இதன் மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. நல்ல தகரத்தில் உப்பும் வினிகரும் தெளித்துத் துருப்பிடிக்க வைத்து, பழசு மாதிரி காட்டி, மேலே பளபளப்புப் பூச்சு அடிப்பது. ஒன்று உழைக்காத இளமை. இன்னொன்று வாழாத முதுமை. இரண்டுமே ஜோடனை.

*

நண்பரின் வண்டியில் நிஜமான அதிர்ச்சி வேறு இடத்தில் காத்திருந்தது. விற்றவர் “கேபின் நல்லா இருக்கு, துருவே இல்ல” என்று சொல்லிக் கொடுத்த வண்டி. கேபினின் கீழ் மூலையில் காந்தத்தை வைத்தால் ஒட்டவில்லை. தட்டினால் மொத்தையான சத்தம். கிரைண்டர் வைத்ததும் தூசி பறந்தது. உள்ளே விரல் கனத்துக்குப் பட்டி. துரு தின்று ஓட்டையான இடத்தில் கம்பி வலையைத் திணித்து, பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கன்னம் மாதிரி வழவழப்பு.

டிங்கரிங் தெரிந்தவர்களுக்குப் பட்டி கெட்ட பொருள் அல்ல. தட்டி நேராக்கிய தகரத்தில் மெல்லிய மேடுபள்ளத்தை நிரவ அது வேண்டும். துருவை மறைக்கப் பயன்படும்போதுதான் அது பொய் ஆகிறது. அந்த மூலையில்தான் கேபின் சேஸிஸோடு இறுகி நிற்க வேண்டும். சீட் பெல்ட் போட நினைத்தால் அதன் போல்ட்டைத் தாங்க வேண்டிய தரையும் அதை ஒட்டியதுதான். பட்டியில் மாட்டிய பெல்ட் யாரைப் பிடித்து நிறுத்தும்? அந்தப் பொய் வாங்கியவரின் பணத்தோடு போய்விடுவதில்லை. என்றைக்கோ ஒரு நாள் அந்த சீட்டில் உட்காரப் போகிற யாரோ ஒருவரின் உயிர்வரைக்கும் போகிறது.

மறைப்பது மட்டுமல்ல, அளவுக்கு மீறிச் சுத்தம் செய்வதும் ஆபத்து. துருவை எடுக்க மணலைப் பீய்ச்சியடிக்கும் முறை இருக்கிறது. தடித்த சேஸிஸுக்கு அது சரி. கதவு, கூரை போன்ற மெல்லிய தகரத்தில் அதே வேகத்தில் அடித்தால் தகரம் வளைந்து அலையலையாகிவிடும். திரும்ப நேராக்குவது பெரும்பாடு. தமிழ்நாட்டுக் கோயில் திருப்பணிகளில் இதே மணல்வீச்சு என்ன செய்தது என்பது நமக்குத் தெரியும். கற்சுவரைப் “பளிச்” ஆக்கப் போய்க் கல்வெட்டு எழுத்துகளின் விளிம்பு மழுங்கியது. பிறகுதான் அதற்குத் தடை வந்தது. அழுக்கு எது, எழுத்து எது என்று பார்க்கப் பொறுமையில்லாத சுத்தம் ஒருவகை அழிவு.

*

இனி பிரேக்குக்கு வருவோம். அவர் மனைவியின் கேள்விக்கும் இங்கேதான் பதில் தேட வேண்டும்.

இந்த வண்டியின் 216 கன அங்குல, ஆறு சிலிண்டர் எஞ்ஜின் நிதானமான ஜீவன். அதன் கனெக்டிங் ராடு பேரிங்குகள் உலோகக் கலவையை உருக்கி வார்த்தவை. ராடின் அடியில் இருக்கும் சின்னக் கரண்டி எண்ணெயை மொண்டு போடும். ஐம்பது மைலுக்குள் ஓட்டினால் சொன்ன பேச்சைக் கேட்கும். டெக்சஸ் நெடுஞ்சாலையில் எழுபத்தைந்து மைல் வேகத்தில் வருகிற வண்டிகளுக்கு நடுவே அது ஒரு தடுப்புச் சுவர். அதனால் பலரும் எஞ்ஜினைத் தூக்கிப்போட்டுவிட்டு வி-8 ஒன்றை இறக்குகிறார்கள். சிலர் எஞ்ஜினை மட்டும் மாற்றிவிட்டு பிரேக்கை அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. கேட்டால், பிரேக் ட்ரம் “ஒரிஜினல்” என்பார்கள்! தன் வசதிக்கு மாற்றம், அடுத்தவன் பாதுகாப்புக்கு மரபு. இந்தக் கணக்கு எனக்குப் புரிவதில்லை. ஓடுகிற வேகத்தைக் கூட்டுகிறவனுக்கு நிறுத்துகிற கடமையும் கூடத்தான் செய்யும்.

இதற்கு என் மனதில் வருகிற உதாரணம் திருவாரூர் ஆழித்தேர். ஆசியாவிலேயே பெரிய தேர் என்று பெருமையாகச் சொல்வோம். கடந்த நூற்றாண்டில் அது தீயில் எரிந்து, திரும்பச் செய்யப்பட்டது. பிறகு பல வருடம் ஓடாமலும் நின்றது. மறுபடி ஓட வைத்தபோது திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் அச்சும் செய்து, ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தியது. அந்தக் காலத்தில் தேரை நிறுத்தவும் திருப்பவும் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுவார்கள். உயிரைப் பணயம் வைக்கிற வேலை. இன்றும் முட்டுக்கட்டை இருக்கிறது, கூடவே பிரேக்கும் இருக்கிறது. அதனால் அது ஆழித்தேர் இல்லை என்று வடம் பிடிக்கிற ஒருவராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

ஏன் சொல்வதில்லை? தேரின் வேலை புறப்படுவது மட்டுமல்ல, நிலைக்கு வந்து சேர்வதும்தான் என்று ஊருக்குத் தெரியும். வழியில் ஒருவரையும் நசுக்காமல் நிலைக்கு வர உதவுகிற எதுவும் தேருக்கு அந்நியமில்லை. பிக்கப்புக்கும் அதே நியாயம்தான். அது மியூசியத்தில் நிற்கப் போகிறது என்றால் டேங்க் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கட்டும், காலியாக. சாலையில் இறங்கப் போகிறது என்றால் அந்தச் சாலையில் அதற்கு எதிரே வருகிறவர்களும் அதன் கதையில் சேர்ந்துவிடுகிறார்கள். பெல்ட் இல்லாமல் வந்த பழைய வண்டிக்குப் பெல்ட் போடச் சொல்லிப் பல மாநிலங்களில் சட்டம் வற்புறுத்துவதில்லை. சட்டம் சும்மா இருக்கிற இடத்தில்தான் மனசாட்சிக்கு வேலை.

*

“அப்படி மாத்திக்கிட்டே போனா கடைசில அது எந்த வண்டி?” என்று நண்பரே ஒருநாள் கேட்டார். மிலிந்த மன்னனிடம் நாகசேனர் தேரை வைத்துக் கேட்ட கேள்விதான். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? ஒன்றுமில்லை, எல்லாம் சேர்ந்து நிற்கும்போது நாம் இடுகிற பெயர் தேர். அமெரிக்க மோட்டார் வாகனப் பதிவு அலுவலகங்களுக்கு நாகசேனரைத் தெரியாது. அவர்களுக்கு வண்டி என்பது கதவுத் தூணில் பொருத்திய சின்னத் தகட்டில் இருக்கும் எண். அந்தக் காலத்தில் சில மாநிலங்களில் எஞ்ஜின் எண்ணையே வண்டியின் எண்ணாகப் பதிந்தார்கள். அங்கே எஞ்ஜினை மாற்றினால் காகிதப்படி வண்டியே மாறிப்போகும். பழைய கேபினைப் புதிய வண்டியின் சேஸிஸ்மேல் தூக்கி வைக்கிறவர்களும் உண்டு. மிஞ்சிய பழைய சேஸிஸில் வேறொருவர் வேறொரு கேபினை வைத்தால் எது 1951? கப்பலின் கழற்றிப்போட்ட பலகைகளை ஒருவன் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால் என்ன என்று பதினேழாம் நூற்றாண்டில் ஹாப்ஸ் கேட்டது இதைத்தான்.

எனக்கு இந்தப் புதிரை அவிழ்க்கும் ஆசை இல்லை. “இது அதே வண்டியா?” என்ற கேள்வியைவிட, “இதில் என்ன செய்யப்பட்டது என்று அடுத்தவருக்குத் தெரியுமா?” என்ற கேள்விதான் நம் கையில் இருப்பது. முதல் கேள்விக்கு எப்படிப் பதில் சொன்னாலும் யாருக்கும் காயமில்லை. இரண்டாவதில் பொய் சொன்னால் காயம் உண்டு.

நண்பர் கடைசியில் செய்தது இதுதான். எஞ்ஜினை மாற்றவில்லை, மெதுவாகவே ஓட்டுகிறேன் என்றார். பிரேக்கை முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி வழி உள்ளதாக மாற்றினார். டேங்க்கைக் கேபினிலிருந்து எடுத்து, பின்தொட்டிக்கு அடியில் புதிதாக ஒன்றை வைத்தார். பழைய டேங்க் கழுவிக் காயவைத்துப் பரணில் இருக்கிறது. கேபினின் மூலைகளை வெட்டியெடுக்கும் முன், கேபின் கோணாமல் இருக்கக் கதவு வாசலில் குறுக்குக் கம்பி கொடுத்து, புதுத் தகரத்தைப் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்தார். வெளிப்பக்கம் தேய்த்து வழவழப்பாக்கினார். உள்பக்கத்திலும் அடியிலும் வெல்டிங் தழும்பை அப்படியே விட்டுவிட்டார். “நாளைக்கு எவனாவது கீழ படுத்துப் பார்த்தா, இங்க வெட்டியிருக்காங்கன்னு தெரியணும்ல” என்றார். பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபீவா 2012-இல் ஏற்ற டூரின் சாசனம் கேட்பதும் ஏறக்குறைய இதுதான்: செய்த மாற்றம் பதிவாகி இருக்க வேண்டும். அவர் அதைப் படித்ததில்லை.

பெல்ட்டுக்காகத் தரையிலும் தூணிலும் துளை போட வேண்டியிருந்தது. பிள்ளையின் பூஸ்டர் சீட்டுக்கு மடியில் மட்டும் கட்டுகிற பெல்ட் போதாது, தோளுக்கும் வேண்டும். தகரத்துக்குப் பின்னால் கனமான பிளேட் வைத்து இறுக்கினார். அந்தத் துளைகளைத் திரும்ப மூடலாம், இல்லாமல் ஆக்க முடியாது. கைவிட முடிகிற புனிதம் எது, கைவிடக் கூடாத புனிதம் எது என்று அந்த இடத்தில் டிரில் மிஷினைப் பிடித்துக்கொண்டு ஒருவர் முடிவு செய்தாக வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த ஸ்டியரிங் தண்டு அதே நீளமான இரும்புக் கம்பிதான். இன்றைய வண்டியைப் போல மோதலைத் தாங்கி நசுங்கிக் கொடுக்கும் முன்பக்கம் அதற்குக் கிடையாது. நெடுஞ்சாலையில் பிள்ளையை அதில் ஏற்றுவதில்லை என்று வீட்டில் பேசி முடித்திருக்கிறார்கள். எல்லா ஆபத்தையும் எடுத்துவிட்டால் அது வேறு வண்டி. எதையுமே எடுக்காவிட்டால் அது பொறுப்பில்லாத பக்தி. நடுவில் எந்த இடத்தில் கோடு போட்டாலும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். அந்த உறுத்தலையும் பட்டி பூசி மறைக்காமல் வைத்திருப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

கதவில் தெரிந்த அந்தப் பாதிப் பெயரை அவர் முழுதாக்கி எழுதவில்லை. அழிந்த எழுத்து என்னவாக இருக்கும் என்று ஊகிக்க நமக்கு உரிமையில்லை என்பது அவர் கட்சி. மேலே தெளிந்த பூச்சு மட்டும் அடித்திருக்கிறார். மீதிக் கதவு கரும்பச்சை, அந்த ஒரு சாண் இடம் மட்டும் நீலம்.